படித்துறையிலிருந்து சன்னதி வரைக்கும்

தீர்த்த மல்லாரி கேட்டிருக்கீங்களா? தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கத்து ஆளாக இருந்தால் கண்டிப்பாகக் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பேர் அதுதான் என்று தெரியாமல் இருந்திருக்கலாம், அவ்வளவுதான். கோயில் அபிஷேகத்துக்கு ஆற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் மொண்டு, குடை பிடித்து, யானை இருந்தால் யானை மேல் ஏற்றி, முன்னால் நாயனமும் தவிலும் முழங்க வீதியில் கொண்டு வருவாங்களே, அப்போ வாசிக்கிறதுதான் தீர்த்த மல்லாரி. அதில் ஒரு வார்த்தை கிடையாது. ஆற்றைப் பற்றி வர்ணனை எதுவும் கிடையாது. ஆனாலும் நம்மிடம் இருக்கிற இசையிலேயே காவிரிக்கு ரொம்ப நெருக்கமானது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஏன் அப்படின்னு சொல்றதுக்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதப் போகிறேன். கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

ஆற்றை வைத்து, ஊரை வைத்து இசை எழுதுவதில் மேல்நாட்டுக்காரர்கள் கில்லாடிகள். செக் நாட்டு ஸ்மெதனா 1874-ல் தங்கள் வல்தவா ஆற்றைப் பற்றி ஒரு ஆர்க்கெஸ்ட்ரா இசை எழுதினார். ஆரம்பத்தில் புல்லாங்குழல்கள் சலசலவென்று ஓடும். அது ஒரு மலை ஊற்று. அப்புறம் கிளாரினெட்டுகள் வந்து சேரும்; அது இரண்டாவது ஊற்று. இரண்டும் கலந்து ஆறாகி, காட்டைத் தாண்டி, ஒரு கிராமத்துக் கல்யாணத்தைத் தாண்டி, பிராக் நகரத்தைத் தொடும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் உள்ளே படம் ஓடும். ஆஸ்திரேலியாவில் பிறந்த பெர்சி கிரெய்ஞ்சர் 1937-ல் காற்றுக் கருவி பேண்டுக்கென்றே 'லிங்கன்ஷயர் போஸி' என்று ஒன்று எழுதினார். அதற்கு முப்பது வருஷம் முன்னால் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் கிராமங்களில் நாட்டுப்புறத்து ஆட்கள் பாடக் கேட்டுக் குறித்து வைத்திருந்த பாடல்கள்தான் அதற்கு மூலம். இன்றைக்கும் கல்லூரி பேண்டுகள் அதை விரும்பி வாசிக்கின்றன.

நம்மூர் பெரிய மேளமும் ஊதுகிற கூட்டம்தானே? இரண்டு நாகஸ்வரம், சுருதிக்கு ஒத்து, இரண்டு தவில், தாளம். (நாகஸ்வரமா நாதஸ்வரமா என்கிற சண்டைக்கு நான் வரலை. எங்க ஊரில் நாயனம்.) அதில் வாசிக்கிற கீர்த்தனை, பதம், தேவாரம் எல்லாம் பாடுகிறவர்களிடமிருந்து வந்தவை. மல்லாரியும் ரக்தியும் அப்படி இல்லை. அவை நாயனத்திலேயே பிறந்து நாயனத்திலேயே வளர்ந்தவை. ரக்தி என்றால் செம்பொன்னார்கோயில் ராமசாமிப் பிள்ளை பரம்பரையைச் சொல்வார்கள். அது தனிக்கதை, இன்னொரு நாள் பார்ப்போம். மல்லாரி பெரும்பாலானவற்றுக்கு ஆக்கியவர் பேரே கிடையாது. பேர் போடணும்னு யாருக்கும் தோணலை போல.

மல்லாரி எப்படிப் போகும்னு தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம். முதலில் தவில்காரர் அலாரிப்பு வாசிப்பார். ஊரைக் கூப்பிடுகிற சத்தம் அது. பிறகு நாயனத்தில் கம்பீர நாட்டை. ச, க, ம, ப, நி என்று ஐந்தே சுரம். ரி-யும் கிடையாது, த-வும் கிடையாது. தாவித் தாவித்தான் போகணும். குழைகிற வேலையே நடக்காது. அதன் பிறகு சொற்கட்டை ஒட்டிய சுர வரிசையாக மல்லாரி இறங்கும். அதை முதல் காலத்தில் வாசித்து, அதையே இரட்டித்து, மறுபடி இரட்டித்து, திஸ்ரத்துக்கு மாற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவார்கள். தாளம் மட்டும் அசையாமல் ஜல் ஜல்லென்று ஒரே நடை. எழுதிப் பார்த்தால் கணக்குப் பரீட்சை மாதிரி இருக்கும். எதிரே நின்று கேட்டால் நம்மையும் அறியாமல் முதுகு நிமிரும்.

இதில் வகைகள் இருக்கு. பெரிய மல்லாரி, சின்ன மல்லாரி, தேர் மல்லாரி, கும்ப மல்லாரி, மடப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி, ஆற்றிலிருந்து தண்ணீர் வரும்போது தீர்த்த மல்லாரி. கவனிச்சுப் பாருங்க, எல்லாமே ஏதோ ஒன்று ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகரும்போது வாசிக்கிறவை. சாமி நகர்கிறது, சோறு நகர்கிறது, தண்ணீர் நகர்கிறது. உட்கார்ந்த இடத்தில் மல்லாரிக்கு வேலையே இல்லை. எந்தப் பொழுதுக்கு எந்த ராகம், எந்த உற்சவத்துக்கு என்ன உருப்படி என்று திருவாரூர்க் கோயிலில் முறை வகுத்துக் கொடுத்தவர் முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தகப்பனார் ராமஸ்வாமி தீக்ஷிதர் (1735-1817) என்பது சம்பிரதாயம். அவர் முறைப்படுத்தினார் என்றால், முறைப்படுத்துவதற்கு முன்னாலேயே சரக்கு இருந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோணும்.

இப்போ என் கட்சிக்கு வர்றேன். கச்சேரியில் ஒரு உருப்படி எவ்வளவு நேரம் போகும்? வித்வான் இஷ்டம், சபா செகரட்டரி இஷ்டம், கடைசி பஸ் இஷ்டம். தீர்த்த மல்லாரி எவ்வளவு நேரம்? படித்துறையிலிருந்து சன்னதி வரைக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு நேரம். குடம் கனம், சுமக்கிறவர் வெறுங்கால், கீழே வெயிலில் காய்ந்த தெரு. அந்த நடைக்குத்தான் தாளம். படியேறும்போது மெதுவாகும், வீதியில் சீராகும், கோபுர வாசலில் ஒரு நிமிஷம் நிற்கும். தண்ணீர் உள்ளே போனதும் தவில் ஒரு தீர்மானம் வைத்து முடித்துவிடும். அதாவது இந்த இசைக்கு நீளத்தை நிர்ணயிப்பது ஊரின் அமைப்பு. ஆறு எங்கே ஓடுகிறது, அதிலிருந்து எவ்வளவு தள்ளிக் கோயில் கட்டினான் என்பதுதான் கணக்கு. ஸ்மெதனா ஆற்றைப் படமாக வரைந்தார். நம்ம ஆள் ஆற்றிலிருந்து தண்ணீரை எடுத்துக்கொண்டு கூடவே நடந்தான். எது உசத்தின்னு நான் சொல்ல வரலை. வேற வேற ஜாதி வேலை.

ஸ்ரீரங்கத்தில் இது இன்னும் அழகாகத் தெரியும். அங்கே கோயில் இரண்டு ஆற்றுக்கு நடுவில். வருஷம் முழுக்க வடக்கே கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக்குடத்தில் தீர்த்தம் வரும். ஐப்பசி பிறந்துவிட்டால் திசையே மாறிவிடும். அந்த ஒரு மாதம் தெற்கே அம்மா மண்டபத்திலிருந்து, காவிரித் தண்ணீர், தங்கக்குடத்தில் யானை மேல். துலா மாதம் காவிரிக்கு உரிய மாதம் இல்லையா, அதனால். ஆறு மாறினால் பாதை மாறுகிறது, பாதை மாறினால் வாசிக்கிற நேரமும் மாறுகிறது.

அது இருக்கட்டும், கருவியைப் பாருங்க. நாயனத்தின் உடம்பு ஆச்சா மரம். இது டெல்டா மரமே கிடையாது, வறண்ட காட்டு மரம். அதிலும் புது மரம் சரிப்படாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற உத்தரம், தூண் இதுகளைத்தான் ஆசாரிகள் தேடி வாங்குவார்கள். பல வருஷம் காய்ந்து இறுகின மரத்துக்குத்தான் நாதம் என்பார்கள். துளை மொத்தம் பன்னிரண்டு: விரல் வைக்க ஏழு, மீதி ஐந்து பிரம்ம சுரத் துளைகள். அவற்றில் மெழுகு வைத்து சுருதியைச் சரிபண்ணிக்கொள்வார்கள். கீழே விரிந்த வாய் அணைசு. மேலே கெண்டை என்கிற சின்னக் குழல். அதில்தான் சீவாளி செருகணும். அந்தச் சீவாளி எதிலிருந்து வருது தெரியுமா? காவிரிக் கரையில் வளர்கிற கொறுக்கைத் தட்டை. நாணல் ஜாதி. வெட்டி, காயவைத்து, அவித்து, பதம் பண்ணி, இரண்டு பக்கமும் நசுக்கி நூல் கட்டி எடுப்பார்கள். திருவாவடுதுறை, திருவீழிமிழலை, திருப்பனந்தாள் பக்கமெல்லாம் இதற்கென்றே கைதேர்ந்தவர்கள் உண்டு. சீவாளி சரியில்லை என்றால் எந்தப் பெரிய வித்வானும் ஒண்ணும் பண்ண முடியாது. நாயனக்காரர் மார்பில் வரிசையாகச் சீவாளிகளும் ஒரு தந்தக் குச்சியும் தொங்குவது சும்மா அலங்காரத்துக்கு இல்லை. ஆக, உடம்பு வறண்ட காடு, தொண்டை காவிரிக் கரை. தவில்காரர் விரலில் மாட்டுகிற கூடு துணியும் மாவுப்பசையும். தஞ்சாவூர்க்காரனுக்கு மாவுக்கா பஞ்சம்!

கருவி செய்கிற ஊர் நரசிங்கம்பேட்டை. ஆடுதுறைக்கும் குத்தாலத்துக்கும் நடுவில் பாசஞ்சர் ரயில் நிற்கிற சின்ன ஸ்டேஷன். 2022-ல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கூப்பிடு தூரத்தில் திருவாவடுதுறை, அதாவது ராஜரத்தினம் பிள்ளையின் ஊர். (பிறந்தது 1898-ல் திருமருகலில், பேருக்கு முன்னால் நின்றது திருவாவடுதுறை.) அந்தக் காலத்து நாயனம் திமிரி: குட்டை, சுருதி ஜாஸ்தி, காதைத் துளைக்கும். தெருவில் நடந்துகொண்டே வாசிக்கிறதுக்கு அதுதான் தோது. அதில் சுத்த மத்தியமம் பிடிப்பது பெரும்பாடு; துளையை அரைகுறையாக மூடி, மூச்சை அடக்கிக் கொண்டுவர வேண்டும் என்பார்கள். கம்பீர நாட்டைக்குச் சுத்த மத்தியமம்தான் உயிர் என்பதையும் சேர்த்து யோசிச்சுப் பாருங்க. நடந்துகொண்டே, சீவாளி நனைந்து தளர்ந்துபோகிற நிலையில், அத்தனை நாளும் அந்த 'ம'-வை எப்படித்தான் நிறுத்தினார்களோ! ராஜரத்தினம் பிள்ளை நீளமான பாரி நாயனத்துக்கு வந்தார், சுருதியை இறக்கினார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி பல தடவை செய்து பார்த்து, சுத்த மத்தியமம் இயல்பாகப் பேசுகிற பாரியைச் செய்து கொடுத்தார். இன்றைக்கு எல்லோர் கையிலும் இருப்பது அந்த வழிதான்.

ராஜரத்தினம் பிள்ளை இன்னொன்றும் செய்தார். நாயனக்காரன் நின்றுகொண்டும் நடந்துகொண்டும்தான் வாசிக்கணும், மேல்துண்டை இடுப்பில்தான் கட்டணும் என்றிருந்த காலத்தில் கிராப்பும் ஷெர்வானியுமாக வந்து மேடையில் உட்கார்ந்தார். 1947 சுதந்திரக் கொண்டாட்டத்துக்கு டில்லி போய் வாசித்தார். அவர் தோடி இசைத்தட்டு போகாத ஊர் கிடையாது. கரவதி என்கிற ஆந்திர ஊரில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா அந்த வாசிப்பில் மயங்கித்தான் தஞ்சாவூர் பாணியைத் தேடி இங்கே வந்து, நாச்சியார்கோயிலில் பாடம் கேட்டு, கடைசியில் ஸ்ரீரங்கத்துக்காரராகவே ஆகிவிட்டார். நாயனக்காரருக்குக் கிடைத்த அந்த மரியாதை நியாயமானது, ரொம்பத் தாமதமாக வந்தது. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் மேடையில் உட்கார்ந்ததும் தோடிக்கும் கல்யாணிக்கும் மூன்று மணி நேரம் கிடைத்தது. மல்லாரிக்கு ஐந்து நிமிஷம். நடை இல்லாத இடத்தில் அது ஒரு வணக்கம் சொல்கிற உருப்படியாகச் சுருங்கிவிட்டது. இப்போதெல்லாம் பரதநாட்டியக் கச்சேரியில் முதல் உருப்படியாக மல்லாரி ஆடுகிறார்கள். நல்லாத்தான் இருக்கு. ஏ.சி. ஹாலில், டேப்பில். குடத்தை மட்டும் காணோம்.

என் பாட்டி ஊர் அரசலாற்றங்கரை. பாட்டிக்குச் சங்கீதம் தெரியாது, ராகம் பேர் நாலு கூடச் சொல்லத் தெரியாது. ஆனால் திருவிழா ராத்திரிகளில் திண்ணையில் படுத்தபடியே "சாமி மேலவீதி திரும்பிடுத்து, எழுந்திருங்கோ"ம்பா. எப்படித் தெரியும்னு கேட்டால் சிரிப்பாள். விஷயம் என்னன்னா, புறப்பாட்டில் மல்லாரி முடிந்த பிறகு எந்த வீதியில் ஆலாபனை, எங்கே பல்லவி, எங்கே கீர்த்தனை, கோயிலுக்குத் திரும்பிப் படியேறும்போது எச்சரிக்கை என்று ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு வழக்கம் உண்டு. அது மாறவே மாறாது. அறுபது வருஷம் கேட்ட காதுக்கு நாயனமே மேப்பு. அதோட நம்ம ஊர் தட்டு மாதிரி தரை. மலை கிடையாது, மேடு கிடையாது. கார்த்திகை மாதம் சம்பா வயலில் தண்ணீர் நிற்கும்போது ராத்திரி நாயனச் சத்தம் அடுத்த ஊர் வரைக்கும் வழுக்கிக்கொண்டு போகும். இவ்வளவு சத்தமான ஒரு கருவி இந்தச் சமவெளியில் இத்தனை செல்லமாக வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் சொந்த அபிப்பிராயம். ஆராய்ச்சி எதுவும் பண்ணலை, சண்டைக்கு வராதீங்க.

காவிரியைப் பார்த்து நேராகவே செய்த உருப்படி இல்லையா என்றால், இருக்கு. தியாகராஜ ஸ்வாமிகள் (1767-1847) அசாவேரியில் செய்த 'ஸாரி வெடலின' கீர்த்தனை. அசாவேரி, காவேரி, ராகத்தின் பேரிலேயே ஆறு ஓடுகிறது. ஒரு பக்கம் சீறிக்கொண்டும் ஒரு பக்கம் சாந்தமாகவும், குயில் கூவக் கூவ, அரங்கனைப் பார்த்துவிட்டுப் பஞ்சநதீசரைப் பார்க்க வருகிறாள் காவிரி என்று அவர் வீட்டு வாசலில் நின்று பார்த்த மாதிரியே இருக்கும். இருந்தது திருவையாற்றில், சமாதியும் காவிரிக் கரையில்தான். அவருடைய நௌகா சரித்திரத்தில் ஓடம் போவது யமுனையில். ஆனால் திருவையாற்றில் உட்கார்ந்து எழுதினவர் கண்ணில் எந்த ஆறு ஓடியிருக்கும்னு சொல்லவும் வேணுமா? நாயனத்திலும் தெப்ப உற்சவத்துக்கென்று 'ஓடம்' என்று ஒரு வகை உண்டு. திருவாரூர் கமலாலயத் தெப்பத்தில் வித்வான்கள் தெப்பத்திலேயே உட்கார்ந்து வாசிப்பார்கள். தண்ணீர் மேல் மிதந்துகொண்டே தண்ணீருக்கான இசை! இதெல்லாம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் அசாவேரி கீர்த்தனையை டெல்லியிலும் பாடலாம், டெட்ராய்ட்டிலும் பாடலாம், ஒன்றும் குறைந்துவிடாது. தீர்த்த மல்லாரிக்குத் தண்ணீர் வேணும்.

அங்கேதான் சிக்கல். 1934-ல் மேட்டூர் அணை வந்தது. அதற்கு முன்னால் தண்ணீர் எப்போது வரும் என்பதை ஆறே முடிவு பண்ணும். 1924 வெள்ளம் மாதிரி ஊரையே அடித்துக்கொண்டும் போகும். அணை வந்தபின் ஒரு தேதி வந்தது. ஜூன் 12-ல் திறப்பார்கள், ஜனவரி 28-ல் மூடுவார்கள். குறுவை, சம்பா, தாளடி எல்லாம் அந்தத் தேதியைப் பார்த்து. ஆடிப்பெருக்கு, ஆவணி, ஐப்பசி கடைமுழுக்கு, தைப்பூசத் தீர்த்தவாரி இவற்றுக்கெல்லாம் ஆற்றில் தண்ணீர் இருக்கும். பிறகு அந்தத் தேதியும் ஆட்டம் கண்டது. 2012-லும் 2016-லும் மேட்டூர் திறந்தது செப்டம்பரில். 2017-ல் அக்டோபரில். அதாவது அந்த வருஷங்களில் குறுவை ஆற்றுத் தண்ணீருக்கு இல்லை, ஆடிப்பதினெட்டுக்கும் வழக்கமான பெருக்கு இல்லை. 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பு சொன்னது, மேலாண்மை ஆணையம் வந்தது. எட்டு வருஷம் கழித்து 2020-ல் மறுபடி ஜூன் 12 திறப்பு. அதன் பிறகும் ஒரு வருஷம் போல ஒரு வருஷம் இல்லை. 2024-ல் ஜூலை கடைசி ஆகிவிட்டது.

வயலுக்கு என்ன ஆச்சு என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள், எழுதணும். மல்லாரிக்கு என்ன ஆச்சுன்னு யாரும் எழுதலை. நான் பார்த்ததைச் சொல்றேன். சில வருஷம் முன்னால் டெல்டாவில் ஒரு கோயில், பேர் வேண்டாம். விழாவுக்குத் தீர்த்தம் எடுக்கணும். ஆற்றில் மணலும் வேலிக்காத்தானும். பிராகாரத்திலேயே போர் போட்டிருந்தார்கள். மோட்டாரைத் தட்டி, குழாயில் குடத்தை நிரப்பி, மாலை போட்டு, குடையும் பிடித்தாகிவிட்டது. நாயனக்காரர் பெரியவர், கூட அவர் பேரனோ மருமகனோ ஒரு பையன். அலாரிப்பு ஆச்சு. கம்பீர நாட்டையைத் தொட்டு மல்லாரியை எடுத்தார். முதல் காலம் ஒரு தடவை முடிவதற்குள் குடம் அர்த்த மண்டபத்துக்குள் போய்விட்டது. மொத்தம் நாற்பது தப்படி இருக்குமா? தீர்மானம் வைத்து முடித்தார்கள். அவர் முகத்தில் ஒன்றும் தெரியலை, பழகிவிட்டது போல. அப்புறம் பேச்சுக் கொடுத்தப்போ சொன்னார்: சின்ன வயசில் அதே கோயிலுக்கு ஆற்றிலிருந்து வரும்போது மூன்று காலமும் திஸ்ரமும் வாசித்த பிறகும் பாதி வீதி பாக்கி இருக்குமாம், அதனால் தெரிந்த மல்லாரி எல்லாவற்றையும் வரிசையாகக் கொட்டணுமாம். பையனுக்கு எத்தனை மல்லாரி பாடம் என்று கேட்டேன். ஒன்று. அதற்கு மேல் வாசிக்கத் தூரம் இல்லையே!

கோயிலில் கிணறு எப்பவும் உண்டு, தினப்படி அபிஷேகத்துக்குக் கிணற்றுத் தண்ணீர்தான், அதெல்லாம் சரி. விசேஷத்துக்கு ஆறு என்று இருந்ததே, அதுதான் போகிறது. கூடவே இன்னும் சில: மணல் அள்ளி அள்ளி ஆறு கீழே இறங்கிப்போனதும், கரை ஓரம் வாடுகிற நாணலும், பூஜை நேரத்துக்கு ஸ்விட்சைப் போட்டால் தானாக அடிக்கிற மின்சார மேளமும். அந்தப் பெட்டியைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதுக்குச் சீவாளியும் வேண்டாம், சம்பளமும் வேண்டாம்.

என் கட்சிக்கு எதிர்க்கட்சி யாழ்ப்பாணம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாட்டி நியாயமில்லை. அங்கே வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு என்று ஒன்று கிடையாது, ஊரே கிணற்றை நம்பி இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து போன வித்வான்களால் வளர்ந்த நாயனமும் தவிலும் அங்கே கொடி கட்டிப் பறந்தன. தவில் தட்சிணாமூர்த்தியை (1933-1975) விட ஒரு பேர் வேணுமா? ஆனால் பாருங்க, அங்கேயும் தீர்த்தத் திருவிழா என்றால் வல்லிபுர ஆழ்வார் கடலுக்குப் போகிறார். தூரத்தை அவர்கள் விடலை. நல்லூர் வீதியும் சின்ன வீதி இல்லை. ஆறு இல்லாமல் மல்லாரி இருக்கலாம் போல. நடக்க இடம் இல்லாமல்தான் இருக்க முடியாது. ஆக என் கட்சியில் பாதி அடிபட்டுவிட்டது, பரவாயில்லை.

நடக்க இடம் இருக்கிற வரைக்கும் கேட்க விரும்புகிறவர்களுக்கு: சித்திரை மாதம் திருவையாற்றில் ஏழூர் விழா. பங்குனியில் திருமழபாடியில் கல்யாணம் முடித்த நந்தியெம்பெருமானையும் சுயசாம்பிகையையும் கூட்டிக்கொண்டு ஐயாறப்பர் கண்ணாடிப் பல்லக்கில் திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிக்குடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று சுற்றிவிட்டு வீடு திரும்புவார். வயலும் வாய்க்காலும் வாழைத்தோப்புமாகப் பாதை. காவிரி, குடமுருட்டி இரண்டையும் கடக்கணும். ஒவ்வொரு ஊர் எல்லையிலும் அந்த ஊர்ச் சாமி எதிர்கொண்டு அழைக்க வரும்; இரண்டு மேளமும் சந்திக்கிற இடத்தில் நின்றால் போதும், மூன்று காலமும் கிடைக்கும். மேட்டூர் மூடியிருக்கிற மாதம், ஆறு பெரும்பாலும் மணல்தான். பல்லக்கு அந்த மணலில் இறங்கித்தான் போகும். செருப்பைக் கையோடு கொண்டு போங்க, பத்து மணிக்கே கால் வைக்க முடியாது. பல்லக்குத் தூக்குகிறவர்களும் நாயனக்காரர்களும் மட்டும் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.